காமா கதிர்ப் படம் ஒரு சல்லடை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அணு இயற்பியல் செய்திகளில் ‘காமா கதிரைப் படம் பிடிக்கும் கேமரா’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. படித்தவுடன் நம் நினைவுக்கு வருவது ஆஸ்பத்திரியில் எலும்பு ஸ்கேன், தைராய்டு ஸ்கேன் எடுக்கும் இயந்திரம். அணுக்கரு ஆய்வுக்கூடத்தில் இருப்பதும் அதுவேதான், கொஞ்சம் பெரியது என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் நியூட்ரான் அளவீட்டில் அந்தப் படத்தை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. வேண்டிய கதிரையும் வேண்டாத கதிரையும் பிரிக்கும் சல்லடையாக அது பயன்படுகிறது. கருவியைத் திறந்து காட்டினால்தான் இது விளங்கும். அதனால் கடிதம் நீள்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஆஸ்பத்திரிக் கருவியை 1950களின் பிற்பகுதியில் ஹால் ஆங்கர் உருவாக்கினார். அதில் பெரும்பாலும் பயன்படும் டெக்னீசியம்-99எம் வெளியிடும் காமா கதிரின் ஆற்றல் 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் (இனி கே.இ.வி.). இந்த ஆற்றலில் கால் மில்லிமீட்டர் ஈயமே கதிரைப் பாதியாகக் குறைத்துவிடும். ஆகவே தேன்கூடு போல நெருக்கமாகத் துளையிட்ட ஈயத்தட்டை முன்னால் வைத்து, நேராக வரும் கதிரை மட்டும் உள்ளே விடுகிறார்கள். ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு கதிர்தான் துளை தாண்டி, கதிர் பட்டால் ஒளிரும் படிகத்தை எட்டும். நோயாளிக்கு ஏற்றிய மருந்து விநாடிக்குப் பல கோடிக் கதிர்களை உமிழ்வதால் அந்த நஷ்டம் தாங்கக்கூடியது.

ஒரு அணுக்கரு நியூட்ரானைப் பிடித்துக்கொள்ளும்போது நிலைமை வேறு. கூடுதலாகச் சேர்ந்த ஐந்து முதல் எட்டு மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் (எம்.இ.வி.) ஆற்றலை அது படிப்படியாக, பல காமா கதிர்களாக இறக்கிவைக்கிறது. 3 எம்.இ.வி. கதிரைப் பாதியாக்கவே 1.4 சென்டிமீட்டர் ஈயம் வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் ஈயச் சுவர் எழுப்பினாலும் பதினொன்றில் ஒன்று ஊடுருவி வந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, கருவியின் முன்னால் அவ்வளவு ஈயத்தை வைத்தால் அந்த ஈயமே நியூட்ரான்களை நாலாபுறமும் சிதறடிக்கும். அழுக்கைத் தடுக்கப் போய் அழுக்கைக் கூட்டிக்கொண்ட கதை.

இந்தச் சிக்கல் முழு வடிவில் தெரியும் இடம் ஜெனீவா அருகே சேர்ன் ஆய்வகத்தில் உள்ள என்-டாஃப் நிலையம். 2001 முதல் அது இயங்குகிறது. புரோட்டான் கற்றை ஈயக் கட்டியை மோதி நியூட்ரான்களைச் சிதறவைக்கிறது. அவை வெற்றிடக் குழாய் வழியே 185 மீட்டர் ஓடி, சில மில்லிகிராம் முதல் சில கிராம் வரை எடையுள்ள மாதிரியை வந்தடைகின்றன. வேகமான நியூட்ரான் முதலில் வரும், மெதுவானது பின்னால் வரும். 10 கே.இ.வி. நியூட்ரானுக்கு 134 மைக்ரோ விநாடி, தங்கத்தின் புகழ்பெற்ற 4.9 எலெக்ட்ரான் வோல்ட் ஒத்திசைவில் (பிடிப்பு சட்டென்று உயரும் ஆற்றலில்) பிடிபடும் நியூட்ரானுக்கு 6 மில்லி விநாடி. காமா கதிர் தெரிந்த நேரத்தைக் குறித்தால் நியூட்ரானின் ஆற்றல் கிடைத்துவிடும். எந்த ஆற்றலில் எத்தனை நியூட்ரான் பிடிபட்டது என்பதே அளக்க வேண்டிய எண். இயற்பியலார் இதைக் குறுக்குவெட்டுப் பரப்பு என்பார்கள்.

சொல்வதற்கு எளிது. ஆனால் மாதிரியில் விழும் நியூட்ரான்களில் பெரும்பாலானவை பிடிபடாமல் சிதறி ஓடிவிடும். இரும்பு-56இன் 27.7 கே.இ.வி. ஒத்திசைவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு நியூட்ரான் பிடிபட்டால் ஆயிரத்துக்கும் மேல் சிதறுகின்றன. சிதறியவை கான்கிரீட் சுவரிலும், தரையிலும், தாங்கு சட்டத்திலும் போய்ப் பிடிபடுகின்றன. அங்கிருந்தும் காமா கதிர் வரும். சுவரில் உள்ள ஈரத்தின் ஹைட்ரஜன் 2.2 எம்.இ.வி. கதிரை உமிழும், சிலிக்கானும் கால்சியமும் தம் பங்குக்கு உமிழும். மாதிரியிலிருந்து வந்த கதிரா, சுவரிலிருந்து வந்த கதிரா என்று சாதாரண உணர்கருவிக்குத் தெரியாது. சுவரைச் சுற்றிவிட்டுத் தாமதமாக வருவதால், இந்தப் போலிக் கதிர்கள் குறைந்த ஆற்றல் நியூட்ரான்களின் கணக்கில் ஏறிவிடும்.

இதுநாள்வரை இதற்குக் கண்ட வழி, உணர்கருவியே நியூட்ரானுக்குக் கண்ணில் படாதபடி செய்வது. சாதாரண பென்சீனுக்குப் பதில் டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய பென்சீன் திரவத்தை ஒளிர்வானாக, அதாவது கதிர் பட்டால் ஒளிரும் பொருளாக, வைக்கிறார்கள். ஹைட்ரஜன் நியூட்ரானைப் பிடிப்பதில் அறுநூறில் ஒரு பங்குகூட டியூட்டீரியம் பிடிக்காது. திரவத்தை அடைத்துவைக்கும் பெட்டியை அலுமினியத்தில் செய்யாமல் கார்பன் இழையில் செய்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சுவரிலிருந்து வரும் கதிர் அப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். கதிர் வந்த திசையைக் கேட்டால் அந்தக் கருவியிடம் பதில் இல்லை.

திசையைக் கேட்கும் முதல் முயற்சி ஊசித்துளைக் கேமரா. 2016இல் வெளியான ஆய்வில், குடைந்தெடுத்த பெரிய ஈயக் கட்டிக்குப் பின்னால் ஒரே துண்டாக உள்ள சீரியம் புரோமைடு படிகத்தை வைத்து, என்-டாஃபில் தங்க மாதிரியைக் கொண்டு சோதித்தார்கள். மாதிரி இருக்கும் திசையிலிருந்து வந்த கதிரை மட்டும் எண்ணியபோது, சைகைக்கும் பின்னணிக்கும் உள்ள விகிதம் இரண்டு மடங்கு உயர்ந்தது. திசை தெரிந்தால் அளவீடு தேறும் என்பது அதிலேயே உறுதியாகிவிட்டது. துளை வழியே வரும் கதிர் மிகச் சொற்பம் என்பதுதான் குறை.

ஈயம் இல்லாமலே திசை கண்டுபிடிக்க முடியும். அதற்குக் கைகொடுப்பது காம்ப்டன் சிதறல். முன்னால் ஒரு மெல்லிய படிகம், பின்னால் ஒரு தடித்த படிகம். காமா கதிர் முன் படிகத்தில் ஒரு எலெக்ட்ரானை இடித்து ஆற்றலில் ஒரு பகுதியை இழந்து, திரும்பி, பின் படிகத்தில் மீதியைக் கொட்டிவிட்டு முடிகிறது. இரண்டு இடத்தையும் இரண்டு ஆற்றலையும் குறித்துக்கொண்டால், எவ்வளவு கோணம் திரும்பியது என்பதை ஒரு வரிச் சூத்திரம் சொல்லிவிடும். சீசியம்-137இன் 662 கே.இ.வி. கதிர் முன் படிகத்தில் 200, பின் படிகத்தில் 462 கே.இ.வி. விட்டதென்றால் திரும்பிய கோணம் 48 டிகிரி. ஆனால் எந்தப் பக்கமாகத் திரும்பியது என்று தெரியாது. எனவே ஒரு கோடு கிடைப்பதில்லை, ஒரு கூம்பு கிடைக்கிறது. அந்தக் கூம்பின் மேல் எங்கோ மூலம் இருக்கிறது. நூற்றுக்கணக்கான கூம்புகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் உருவம் தெளியும்.

ஸ்பெயினில் வலென்சியாவின் ஐஃபிக் நிறுவனத்தில் சீசர் டொமிங்கோ-பார்டோ தலைமையிலான குழு இந்த வழியில் உருவாக்கிய கருவிதான் ஐ-டெட். ஒவ்வொரு தொகுதியிலும் முன்னால் ஒரு படிகம், பின்னால் நான்கு படிகங்கள். எல்லாமே 50 மில்லிமீட்டர் சதுர முகம் கொண்ட லாந்தனம் குளோரைடு. முன்னது 15 மில்லிமீட்டர் தடிமன், பின்னவை 25. ஒவ்வொன்றின் பின்முகத்திலும் எட்டுக்கு எட்டு என 64 சிலிக்கான் போட்டோமல்டிப்ளையர்கள் (மிக மெல்லிய ஒளியையும் மின்சைகையாக்கும் சிறு உணரிகள்) ஒட்டியிருக்கின்றன. ஒளி எந்தக் கட்டத்தில் அதிகம் விழுந்தது என்று பார்த்து இடத்தைக் கணிக்கிறார்கள். மூன்று படிகங்கள் மட்டும் கொண்ட முன்னோட்டக் கருவியை வைத்தே தங்கத்தையும் இரும்பு-56ஐயும் என்-டாஃபில் அளந்தபோது, 10 கே.இ.வி. பகுதியில் டியூட்டீரிய பென்சீன் கருவிகளைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு உணர்திறன் கிடைத்தது. 2021இல் வெளியான அந்த முடிவு நியூட்ரான் அளவீட்டுக்காரர்களுக்குப் பெரிய செய்தி. மூன்று என்ற எண் சிறிதாகத் தோன்றலாம். அதே துல்லியத்தைப் பழைய கருவியோடு எட்ட வேண்டுமானால் கூடுதல் கற்றை நேரம் கேட்டு வரிசையில் நிற்க வேண்டும் என்பது அத்துறையினருக்குத் தெரியும்.

இனி, எங்கே சறுக்கும் என்பது. செய்திகளில் விட்டுப்போவது இந்தப் பகுதிதான்.

முதலில் ஆற்றல் துல்லியம். 662 கே.இ.வி.யில் 5 சதவீதப் பிரிதிறன் (அளந்த ஆற்றல் எவ்வளவு மங்கலாகப் பரவுகிறது என்ற அளவு) கொண்ட படிகம், 200 கே.இ.வி.யில் ஏறத்தாழ 9 சதவீதமாக மங்கிவிடும், அதாவது 18 கே.இ.வி. அகலம். மேலே சொன்ன கணக்கில் 200 என்பது 191 ஆனால் கோணம் 46.6 டிகிரி, 209 ஆனால் 49.9. ஆற்றலில் உள்ள மங்கல் மட்டுமே கூம்பின் சுவரை மூன்று டிகிரிக்கு மேல் தடிக்கவைக்கிறது. இதோடு இடத்தின் பிழையும் சேரும். இரு படிகங்களுக்கும் இடையே 5 சென்டிமீட்டர், இடப்பிழை 3 மில்லிமீட்டர் என்றால் இன்னொரு மூன்றரை டிகிரி. இடைவெளியைக் கூட்டினால் கோணம் கூர்மையாகும், ஆனால் பின் படிகத்தைத் தவறவிடும் கதிர்கள் பெருகும். அதனால்தான் ஐ-டெட்டில் பின்தளத்தை மோட்டார் தண்டவாளத்தில் ஏற்றி, வெளியிலிருந்தே இடைவெளியை மாற்றும்படி செய்திருக்கிறார்கள்.

இடப்பிழையைக் குறைப்பது பொறுமையின் வேலை. ஈயமோ டங்ஸ்டனோ கொண்டு ஒரு மில்லிமீட்டர் துளையிட்ட குழாயில் சோடியம்-22 மூலத்தை வைத்து, படிகத்தின் முகத்தை ஒன்றரை மில்லிமீட்டர் படிகளில் மேசை நகர்த்தி வருட வேண்டும். 35க்கு 35 என்றால் 1,225 புள்ளிகள். புள்ளிக்கு இரண்டு நிமிடம் வைத்தாலும் ஒரு படிகத்துக்கு 40 மணி நேரம். இவ்வளவும் செய்வதற்குக் காரணம் ஓரங்கள். படிகத்தைச் சுற்றியுள்ள வெள்ளைப் பிரதிபலிப்பான் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், விளிம்பையொட்டிய கடைசி ஐந்து மில்லிமீட்டரில் விழுந்த கதிரும் உள்ளே விழுந்ததுபோலவே தோன்றும். சதுரம், பக்கங்கள் உள்வாங்கிய தலையணை போல் சுருங்கிவிடும். கறுப்புப் பூச்சு பூசினால் இந்தக் கோணல் குறையும், ஆனால் ஒளி இழப்பால் ஆற்றல் பிரிதிறன் கெடும். இரண்டில் எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவெடுத்துவிட வேண்டும், பாதியில் மாற்ற முடியாது. லாந்தனம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழைந்துபோகும் உப்பு. அதனால் முத்திரையிட்ட உறைக்குள்தான் வரும். உறையைத் திறந்தால் படிகம் போயிற்று.

வெப்பநிலை இன்னொரு எதிரி. இத்தகைய சிலிக்கான் போட்டோமல்டிப்ளையரின் உடைவு மின்னழுத்தம் (அது சைகையைப் பெருக்கத் தொடங்கும் மின்னழுத்தம்) ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் ஏறத்தாழ 21.5 மில்லிவோல்ட் நகரும். அதற்கு மேல் கூடுதலாக 3 வோல்ட் கொடுத்திருக்கிறோம் என்றால், அறை 10 டிகிரி சூடாகும்போது பெருக்கம் 7 சதவீதம் விழுந்துவிடும். 662 கே.இ.வி.யில் எண்ணிக்கை குவிய வேண்டிய சிகரம் 616இல் போய் நிற்கும். பகலில் எடுத்த அளவையும் இரவில் எடுத்த அளவையும் கூட்டினால் சிகரம் இரண்டாகத் தெரியும், படம் கலங்கிவிடும். பெல்டியர் எனும் மின் குளிர்விப்பான் வைத்து வெப்பநிலையை நிலைப்படுத்துவதே வழி. அதோடு லாந்தனம் படிகத்துக்குள்ளேயே இருக்கும் இயற்கைக் கதிரியக்க லாந்தனம்-138, 1,436 கே.இ.வி.யில் ஒரு வரியைத் தந்துகொண்டே இருக்கும். பின்னணியாகப் பார்த்தால் தொல்லை. ஆனால் அளவுகோல் நகர்ந்திருக்கிறதா என்று மணிக்கொரு முறை பார்க்க இதைவிட நம்பகமான காவலாள் கிடையாது.

அளவுகோலைச் சீசியம் ஒன்றை மட்டும் வைத்துச் சரிசெய்வது பெரும் தவறு. சிலிக்கான் சாதனத்தில் உள்ள நுண்கட்டங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. ஒளி அதிகமானால் நேர்கோடு வளைந்துவிடும். யூரோப்பியம்-152 (122, 344, 779, 1,408 கே.இ.வி.), கோபால்ட்-60 (1,173, 1,332), இட்ரியம்-88 (898, 1,836), மேலே 4.44 எம்.இ.வி.க்கு அமெரிசியம்-பெரிலியம் என ஏறுவரிசையில் போட்டுப் பார்த்து, வளைவை அளந்து திருத்த வேண்டும்.

இரண்டு படிகங்களிலும் ‘ஒரே நேரத்தில்’ சைகை வந்தது என்பதும் சந்தேகத்துக்கு உரியது. முன் படிகத்தில் விநாடிக்கு 50,000, பின் படிகங்களில் 2 லட்சம் சைகை, ‘ஒரே நேரம்’ என்று ஏற்கும் நேரச் சாளரம் முன்னும் பின்னும் 10 நானோ விநாடி என்றால், தற்செயலாக ஒத்துப்போகும் ஜோடிகள் விநாடிக்கு 200. சாளரத்தை 100 நானோ விநாடியாக விட்டுவிட்டால் 2,000. உண்மை ஜோடிகளே சில நூறுதான் இருக்கும்போது இது மூழ்கடித்துவிடும். எது முதலில் நடந்தது என்று நேரத்தை வைத்துத் தீர்மானிக்கவும் முடியாது. ஒளி 5 சென்டிமீட்டர் கடக்க 0.17 நானோ விநாடிதான். ஆகவே பின் படிகத்தில் மோதி முன்னுக்குத் திரும்பி வந்த கதிர், சரியான கதிர் போலவே வேடமிடும். சீசியத்தில் அப்படித் திரும்பும் கதிரின் ஆற்றல் 184 கே.இ.வி.யை ஒட்டி இருக்கும், அந்தப் பட்டையை வெட்டிவிடலாம். நியூட்ரான் பிடிப்பில் வரும் கதிர்கள் எல்லா ஆற்றலிலும் பரவியிருப்பதால் அவ்வளவு எளிதில் வெட்ட முடியாது. அங்கே கதிர் தன் முழு ஆற்றலையும் விட்டதா என்பதே தெரியாது. அதனால் ஐ-டெட்டில் கூர்மையான உருவத்துக்குப் பாடுபடாமல், ஒவ்வொரு கூம்பும் மாதிரி இருக்கும் புள்ளியை எவ்வளவு நெருங்குகிறது என்று ஒரே ஒரு எண்ணைக் கணக்கிட்டு, தூரமாகப் போகும் கூம்பைக் கழித்துவிடுகிறார்கள். சல்லடை என்று நான் சொன்னது இதைத்தான்.

குளோரின் வெப்ப நியூட்ரானை ஆவலாகப் பிடிக்கும் தனிமம், பிடித்தால் 8.6 எம்.இ.வி. வரை காமா கதிரை உமிழும். படிகத்திலேயே குளோரின் இருப்பதால், லித்தியம்-6 கலந்த பாலிஎதிலீன் தட்டை முன்னால் வைக்கிறார்கள். விலை மலிவான போரானை ஏன் வைப்பதில்லை என்று கேட்கலாம். போரான் நியூட்ரானை விழுங்கியதும் 478 கே.இ.வி. காமா கதிரை விடும். லித்தியம்-6 ஆல்ஃபா, டிரிட்டான் என்ற இரு துகள்களை மட்டும் விட்டுச் சத்தமில்லாமல் முடித்துவிடும்.

இவ்வளவு பாடும் எதற்கு? இரும்பைவிடக் கனமான தனிமங்களில் ஏறத்தாழ பாதி, முதுமையடைந்த விண்மீன்களுக்குள் மெதுவான நியூட்ரான் பிடிப்பால் உருவானவை. அந்தப் பாதையில் செலினியம்-79 ஒரு முச்சந்தி. நியூட்ரானைப் பிடித்து ஒரு பக்கம் போகலாம், பீட்டா சிதைவடைந்து இன்னொரு பக்கம் போகலாம். சிதைவின் வேகம் விண்மீனின் வெப்பத்தைப் பொறுத்தது. ஆகவே அந்தப் பிரிவை அளந்தால் விண்மீனின் உள்வெப்பத்துக்கு ஒரு தெர்மாமீட்டர் கிடைக்கும். பிரான்சின் கிரெனோபிளில் உள்ள அணு உலையில் செலினியம்-78 செறிவூட்டிய ஈய செலினைடு மாதிரியைக் கதிர்வீச்சில் வைத்து, சில மில்லிகிராம் செலினியம்-79ஐ உண்டாக்கினார்கள். கூடவே செலினியம்-75உம் கோபால்ட்-60உம் ஒட்டிக்கொண்டு வந்து பல மெகாபெக்கெரல் அளவில் கதிர்வீசுகின்றன. இவ்வளவு இரைச்சலுக்கு நடுவே அந்தச் சில மில்லிகிராமின் குரலைக் கேட்கத்தான் ஐ-டெட் போன்ற கருவி.

நமக்கு இன்னும் அருகில் உள்ள காரணமும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியின் மோனசைட் மணலில் தோரியம் இருக்கிறது. தோரியம்-232 ஒரு நியூட்ரானைப் பிடித்து, 22 நிமிட அரையாயுள் கொண்ட தோரியம்-233 ஆகி, பிறகு 27 நாள் அரையாயுள் கொண்ட புரோட்டாக்டினியம் ஆகி, கடைசியில் எரிபொருளான யுரேனியம்-233 ஆகிறது. கல்பாக்கத்தின் 30 கிலோவாட் காமினி உலை அந்த யுரேனியம்-233இல் ஓடுவது. முதல் கட்டமான அந்தப் பிடிப்பின் குறுக்குவெட்டுப் பரப்பை என்-டாஃப் தன் தொடக்க ஆண்டுகளிலேயே அளந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையம் என்-டாஃப் கூட்டமைப்பில் இருக்கிறது. 2017 முதல் இந்தியா சேர்னின் இணை உறுப்பினர். நம் மாணவர்கள் போய் வேலை செய்ய வாசல் திறந்தே இருக்கிறது.

அந்த வாசலுக்குத் தயாராவதை எம்.எஸ்ஸி. ஆய்வகத்திலேயே தொடங்கலாம். கல்லூரி இயற்பியல் துறைத் தலைவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பல துறைகளில் 5 சென்டிமீட்டர் சோடியம் அயோடைடு உணர்கருவி இருக்கிறது, சீசியத்தின் சிகரத்தைப் பார்ப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. இரண்டாவது ஒன்றைச் சேருங்கள். 370 கிலோபெக்கெரல் சீசியம்-137 மூலத்திலிருந்து 20 சென்டிமீட்டரில் முதல் கருவி, அதிலிருந்து 15 சென்டிமீட்டரில், 90 டிகிரியில் இரண்டாவது. முதலாவதில் 373 கே.இ.வி., இரண்டாவதில் 288 கே.இ.வி., இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 662 வர வேண்டும். உண்மை ஜோடி விநாடிக்கு ஒன்றிரண்டுதான் வரும். அரை மணி நேரமாவது ஓடவிட வேண்டும். மூலத்துக்கும் இரண்டாவது கருவிக்கும் நடுவே 5 சென்டிமீட்டர் ஈயச் செங்கல் வைக்க மறந்தால், இரண்டிலும் விநாடிக்கு ஆயிரத்தையொட்டிச் சைகை வரும். சாளரம் அரை மைக்ரோ விநாடி என்றால் தற்செயல் ஜோடிகளே விநாடிக்கு ஒன்று ஆகிவிடும், உண்மையும் போலியும் சரிபாதி. செங்கல்லை வைத்தால் போலி ஐந்தில் ஒன்றாகக் குறையும். பிறகு 20 டிகிரி படிகளில் நகர்த்தி, கோணத்தையும் ஆற்றலையும் வரைபடத்தில் போடலாம். கோபால்ட்-60 கைவசம் இருக்கிறதே என்று அதை வைக்காதீர்கள். அது ஒரே சிதைவில் இரண்டு காமா கதிர்களை விடுவதால், சிதறாமலே இரண்டு கருவிகளிலும் ஒரே நேரத்தில் சைகை வரும். அதை எந்தச் சாளரத்தாலும் பிரிக்க முடியாது.

இப்படிக்கு,
கதிர்வீச்சு உணர்கருவித் துறையில் பணிபுரியும் வாசகர்,
சென்னை.